ப்ரொஃபைல்தான் கெட்டது, ஃபைல் எதுவும் போகவில்லை

காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள், பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் டெஸ்க்டாப்பில் ஒன்றுமே இல்லை. குப்பைத்தொட்டியும் எட்ஜும் மட்டும் நிற்கின்றன, பின்னணிப் படம் புதிதாக விண்டோஸ் போட்டது மாதிரி மாறிக் கிடக்கிறது, தற்காலிக ப்ரொஃபைலில் (ப்ரொஃபைல் என்பது ஒரு கணக்குக்குரிய ஃபோல்டரும் அமைப்புகளும்) நுழைந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு ஓரத்தில் வந்து மறைகிறது. அந்த நேரத்தில் அதில் வேலை பார்க்கத் தொடங்காதீர்கள். உங்கள் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும். இப்போது நீங்கள் இருப்பது டெம்ப் என்ற பெயரில் விண்டோஸ் அவசரத்துக்குப் போட்டுக் கொடுத்த ஃபோல்டரில், அது சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும். அவசரம் என்று அதிலேயே டைப் அடித்து டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டு சாயங்காலம் ஆஃப் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் போனதாக நினைத்தது பத்திரமாக இருக்கும், பகல் முழுக்க அடித்தது மட்டும் உண்மையிலேயே போயிருக்கும். ஏற்கெனவே ஏதாவது அடித்துவிட்டிருந்தால், சைன் அவுட் கொடுப்பதற்கு முன் அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன். ரப்பர் வியாபாரம், முந்திரி, ஆவண எழுத்தர், ஆடிட்டர் என்று எல்லா வகையிலும் இந்தக் கோளாறைப் பார்த்தாயிற்று. இதில் எனக்குப் பாடம் மாதிரி அமைந்தது தக்கலைப் பக்கம் ஒரு ஆவண எழுத்தர் அலுவலகம்தான், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, லைனில் ஒரு தென்னமட்டை விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். யுபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, பீப் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. காலையில் அந்த ஆவண எழுத்தர் அண்ணாச்சி ஃபோன், ஆதாரம் என்று எங்கள் பக்கம் சொல்வது பத்திரத்தை: "மக்கா, ஒண்ணையும் காணல்ல கேட்டியா, ஆதாரம் பூரா போச்சுன்னு இவ அழுதுட்டு இருக்கா."

நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் வந்து பார்த்து, விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் அடித்துவிடலாம் என்று சொல்லியிருந்தான். நம் ஊரில் எல்லா நோய்க்கும் இதுதான் மருந்து. ப்ரொஃபைல் கெட்டதற்கு ஃபார்மட் என்பது வீட்டுச் சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிக்கிற கதை. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது வெறும் பத்திரம் என்றால்கூடப் பரவாயில்லை, பதிவு செய்த பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். அண்ணாச்சி 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து ஆதாரங்களை, கொல்லம் ஆண்டு போட்டு மலையாளத்தில் எழுதினவற்றை, ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் குறிப்பு சொல்ல, அங்கே டைப் செய்கிற அக்கா அதை அடித்து வைத்திருந்தார். அது வேறு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. எல்லாம் டெஸ்க்டாப்பில், ஊர் பெயரும் ஆள் பெயரும் போட்ட ஃபோல்டர்களாக இருந்தது.

முதலில் அவர்களுக்கு நான் காட்டியது அந்த ஃபோல்டரைத்தான். டெம்ப் ப்ரொஃபைலில் இருந்துகொண்டே சி டிரைவ், யூசர்ஸ், பழைய பெயர், டெஸ்க்டாப் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்டது, தொடர் என்றதும் அத்தனை ஃபோல்டரும் வரிசையாக வந்து நின்றன. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் பின்ன ஏன் முன்னால வரமாட்டேங்குது?" என்றார். சரியான கேள்வி.

விண்டோஸில் ஒரு ஆளின் ப்ரொஃபைல் என்பது இரண்டு பகுதி. ஒன்று அந்த ஃபோல்டர், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், அப்புறம் புரோகிராம்கள் தங்கள் தரவை வைத்துக்கொள்ள மறைவாக ஆப்டேட்டா. இன்னொன்று அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் டேட் என்ற ஒரே ஒரு ஃபைல், அதுதான் அந்த ஆளுடைய ரெஜிஸ்ட்ரி, அதாவது அவருடைய அமைப்புகள் பதிந்திருக்கும் இடம். உள்ளே நுழையும்போது விண்டோஸ் அந்த ஃபைலை ஏற்றுகிறது, வெளியேறும்போது எழுதி மூடுகிறது. எழுதுகிற நேரத்தில் கரண்ட் போனாலோ, டிஸ்கில் அந்த இடம் கெட்டிருந்தாலோ, ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்திருந்தாலோ ஏற்ற முடியாமல் போகும். ஏற்ற முடியாவிட்டால் மொத்த ஃபோல்டரையும் ஒதுக்கிவிட்டு டெம்ப்பைக் கொடுத்துவிடும். ஒரு ஃபைல் கெட்டதற்காக முழு வீட்டையும் காட்ட மறுக்கிறது, அவ்வளவுதான்.

பழுது பார்க்கக் கை வைப்பதற்கு முன்னால் நகல். இந்த வரிசையை மட்டும் நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை. அதற்கு முதலில் வேறொரு அட்மின் கணக்கு வேண்டும், கெட்ட ப்ரொஃபைலுக்குள் உட்கார்ந்துகொண்டு அதையே பழுது பார்க்க முடியாது. டெம்ப்பில் நுழைந்திருந்தாலும் உங்கள் கணக்கு அட்மினாக இருந்தால் அந்த அதிகாரம் அப்படியேதான் இருக்கும், செட்டிங்ஸ் வழியாகப் புதிதாக ஒரு உள்ளூர் அட்மின் கணக்கு உண்டாக்கலாம். உண்டாக்கிவிட்டு சைன் அவுட் மட்டும் கொடுக்காமல் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து புதிய கணக்கில் நுழையுங்கள், அப்போதுதான் பழைய ஃபோல்டரை எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது.

நகல் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க் செருகி, பழைய ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக எடுக்க வேண்டும், டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்தால் போதாது. மவுஸால் இழுத்துப் போட்டால் பாதியில் ஏதாவது ஒரு ஃபைலில் முட்டி நிற்கும், அப்புறம் எது வந்தது எது வரவில்லை என்று தெரியாது. விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளைதான் நல்லது. அதில் உள்ஃபோல்டர்களையும் சேர்க்கிற ஈ, இணைப்புப் புள்ளிகளைத் தவிர்க்கிற எக்ஸ்ஜே, முட்டினால் ஒருமுறை மட்டும் திரும்ப முயலச் சொல்லும் ஆர் 1, ஒரு நொடி மட்டும் காத்திருக்கச் சொல்லும் டபிள்யூ 1, என்ன நடந்தது என்று எழுதிவைக்கிற லாக், இவ்வளவும் சேர்த்துக் கொடுங்கள். ஆர், டபிள்யூ கொடுக்காவிட்டால் திறக்க முடியாத ஒரு ஃபைலுக்காக முப்பது நொடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயல்வதுதான் அதன் இயல்பான ஏற்பாடு. எக்ஸ்ஜே விட்டுப்போனால் இன்னும் வேடிக்கை. ஆப்டேட்டாவுக்குள் பழைய புரோகிராம்களுக்காக அப்ளிகேஷன் டேட்டா என்று ஒரு பொய்க் கதவு இருக்கிறது, அது தன்னையே சுட்டும், நகல் சுற்றிச் சுற்றிப் போய் வெளி டிஸ்க்கே நிரம்பிவிடும்.

நகல் முடிந்த பிறகுதான் டிஸ்க்கைச் சோதிப்பது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால் ப்ரொஃபைலைச் சரிசெய்து பிரயோஜனமில்லை, டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் உள்ள பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவதும் நகலுக்கு அப்புறம்தான், சாகப்போகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் மிச்ச உயிரும் போய்விடும். இந்த அலுவலகத்தில் டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, சி டிரைவில் இடமும் இருந்தது. இடம் அறவே தீர்ந்து ப்ரொஃபைல் ஏறாமல் போனதையும் ஒரு ரப்பர் கடையில் பார்த்திருக்கிறேன், டவுன்லோட்ஸில் கிடந்த கல்யாண வீடியோக்களை அகற்றினதும் தானே சரியானது.

அடுத்து, சுலபமான வழி ஒன்று இருக்கிறதா என்று பார்க்கலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன், ப்ரொஃபைல்லிஸ்ட் என்று போனால் ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணில் ஒரு சாவி, அதாவது ஃபோல்டர் மாதிரியான ஒரு பதிவு, இருக்கும். ஒவ்வொன்றிலும் ப்ரொஃபைல் இமேஜ் பாத் என்ற இடத்தில் அது எந்த ஃபோல்டரைச் சுட்டுகிறது என்று எழுதியிருக்கும். ஏற்ற முடியாமல் போகும்போது விண்டோஸ் உண்மையான சாவியின் வால்பக்கம் டாட் பேக் என்று ஒட்டி ஒதுக்கிவிட்டு, அதே எண்ணில் டெம்ப்பைச் சுட்டும் புதுச் சாவி ஒன்று போடும். ஒரே எண்ணில் இப்படி இரண்டு சாவி தெரிந்தால், முதலில் ப்ரொஃபைல்லிஸ்டை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, டெம்ப்பைச் சுட்டுவதன் பெயரை மாற்றி ஓரம் கட்டி, டாட் பேக் வாலை எடுத்துவிட்டு, உள்ளே ஸ்டேட், ரெஃப்கவுண்ட் இரண்டும் இருந்தால் பூஜ்யமாக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸ் ஒருமுறை பிடித்துக்கொண்ட மாதிரிக் கோளாறு என்றால் இதோடு முடிந்தது, எல்லாம் பழையபடி வந்துவிடும்.

இங்கே அது நடக்கவில்லை. நடந்ததை எல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவில் பார்த்தால் 1511, 1515 என்ற எண்ணுள்ள குறிப்புகள் இரண்டும் இருந்தன, அது டெம்ப் கொடுத்தேன், பழையதை ஒதுக்கினேன் என்கிற வழக்கமான அறிவிப்பு. கூடவே 1508, அதன் விவரத்தில் ரெஜிஸ்ட்ரி சிதைந்திருக்கிறது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதாவது என்டியூசர் ஃபைலே கெட்டுவிட்டது, வாலை வெட்டி ஒட்டிப் பிரயோஜனமில்லை. புது ப்ரொஃபைல் போட வேண்டியதுதான்.

இங்கேதான் கவனம். செட்டிங்ஸில் போய்க் கணக்கை நீக்கு என்று கொடுத்தால், கணக்கோடு தரவையும் அழிக்கும், அது கேட்கிற கேள்வியிலேயே அதைச் சொல்லும், ஆனால் ஆங்கிலத்தில் வருவதால் யாரும் படிப்பதில்லை. சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் யூசர் ப்ரொஃபைல்ஸ் பட்டியலில் இருக்கும் டிலீட் பொத்தானும் அதேதான் செய்யும், சாவியையும் ஃபோல்டரையும் சேர்த்தே எடுத்துப் போடும். நகல் எடுக்காமல் இந்த இரண்டையும் தொடக்கூடாது.

நான் செய்வது, பழைய ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் ஓல்ட் என்று சேர்த்துவிடுவது, ப்ரொஃபைல்லிஸ்டில் அந்தக் கணக்கின் சாவிகளை மட்டும் அழிப்பது, ரீஸ்டார்ட் செய்து அதே கணக்கில் அதே பாஸ்வேர்டில் நுழைவது. விண்டோஸ் இந்த ஆளை இதுவரை பார்த்ததே இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒரு ப்ரொஃபைல் கட்டிக்கொடுக்கும். புதுக் கணக்கே உண்டாக்கி அதற்கு மாறிவிடலாமே என்று கேட்பார்கள், மாறலாம். ஆனால் பழைய கணக்கை வைத்துக்கொண்டால் அந்த நீண்ட எண் மாறாது, ஃபைல்களின் அனுமதிகள் அப்படியே இருக்கும், அந்த எண்ணோடும் பாஸ்வேர்டோடும் கட்டிப் பூட்டப்பட்ட ரகசியங்களைத் திறக்கவும் வழி மிச்சமிருக்கும். அதே காரணத்துக்காக இந்தச் சமயத்தில் வேறு கணக்கிலிருந்து பாஸ்வேர்டை ரீசெட் செய்யாதீர்கள்.

புது ப்ரொஃபைலும் கட்ட மறுத்தால், யூசர்ஸ் ஃபோல்டரில் மறைவாக இருக்கும் டிஃபால்ட் என்ற ஃபோல்டரைப் பாருங்கள், எல்லாப் புது ப்ரொஃபைலும் அதைப் பார்த்துத்தான் வார்க்கப்படுகிறது, அதில் உள்ள என்டியூசர் கெட்டிருந்தால் எத்தனை கணக்கு உண்டாக்கினாலும் இதே கதைதான். அதே பதிப்பு விண்டோஸ் உள்ள வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து அதைக் கொண்டுவந்து போட வேண்டியிருக்கும்.

புது ப்ரொஃபைல் வந்ததும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாவற்றையும் ஓல்டிலிருந்து இங்கே நகலெடுத்தேன். நகல்தான், நகர்த்தல் இல்லை. பழைய என்டியூசர் என்று தொடங்கும் எதையும் கொண்டுவரக்கூடாது, நோயே அதுதான். ஆப்டேட்டாவை மொத்தமாகத் தூக்கி மேலே போடுவதும் வேண்டாம்.

அக்கா ஒரு கிரையப் பத்திரத்தைத் திறந்தார். திறந்ததும் முகம் மறுபடியும் விழுந்துவிட்டது. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், புள்ளி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு அரைப்புள்ளி. அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "கெட்டுப்போச்சு பாத்தியா மக்கா, நான் அப்பவே சொன்னேம்லா" என்றார். கெடவில்லை, அது பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பாமினி ஃபைல் தெரிகிற லட்சணம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் வந்த 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை இரட்டை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்த ஒரு ஆளுக்கு மட்டுமே பதியும், இடமும் அவருடைய ஆப்டேட்டாவுக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆள் புதிதானால் எழுத்துரு கிடையாது. ஓல்டின் அந்த இடத்திலிருந்து பாமினியையும் அதே மாதிரியான வானவில் எழுத்துருவையும் எடுத்து, வலது கிளிக் செய்து எல்லா யூசருக்கும் என்று கொடுத்துப் பதித்தேன். ஃபைலை மூடித் திறந்ததும் 'கிரையப் பத்திரம்' என்று தலைப்பு தடித்த எழுத்தில் வந்து நின்றது. யூனிகோடில் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் பத்திர எழுத்தர், அச்சகம், வக்கீல் அலுவலகம் எல்லாம் இன்னும் பழைய எழுத்துருவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃபைல் எல்லாம் வந்துவிட்டது என்று கிளம்பினால் மறுநாள் ஃபோன் வரும், அதனால் நான் கிளம்புவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் செய்து காட்டுங்கள் என்று கேட்பேன். ஆட்கள் ஃபைல் என்று சொல்லாத விஷயங்கள்தான் அப்போது வெளியே வரும். அக்காவுக்கு அது திரையில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுகள், ஸ்டிக்கி நோட்ஸ். கட்சிக்காரர் பெயர், ஃபோன் நம்பர், யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார், எந்த நாளுக்கு டோக்கன் போட்டிருக்கிறது எல்லாம் அதில்தான். அதை அவர் பேக்கப்பில் சேர்த்துக் கேட்கவே இல்லை, அது ஒரு ஃபைல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆப்டேட்டாவில் லோக்கல், பேக்கேஜஸ் உள்ளே ஸ்டிக்கி நோட்ஸ் ஃபோல்டரில், லோக்கல்ஸ்டேட்டில், பிளம் டாட் எஸ்கியூலைட் என்ற ஃபைலாக அது உட்கார்ந்திருக்கும். செயலியை மூடிவிட்டு, அதையும் அதே பெயரில் கூட இருக்கும் துணை ஃபைல்களையும் புது ப்ரொஃபைலில் அதே இடத்தில் வைத்தேன், சீட்டுகள் திரும்பி வந்தன.

குரோம் பார்க்க வேண்டிய அடுத்த இடம். கூகுள் கணக்கில் சிங்க் போட்டிருந்தால் நுழைந்ததும் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும். போடாதவர்களுக்கு, ஓல்டில் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட் ஃபோல்டரில் புக்மார்க்ஸ் என்று வால் இல்லாத ஒரு ஃபைல் இருக்கும், அதை எடுத்து வைத்தால் போதும். சேமித்த பாஸ்வேர்டுகள் அப்படி வராது, அவை அந்த நீண்ட எண்ணுக்கும் பாஸ்வேர்டுக்கும் கட்டிப் பூட்டியவை. வேறு கணக்குக்கு மாறியிருந்தால் திறக்காது. அதே கணக்கு என்றால், ஆப்டேட்டாவின் ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட், ப்ரொடெக்ட் ஃபோல்டரில் மறைந்திருக்கும் பழைய சாவி ஃபைல்களையும் யூசர் டேட்டாவையும் சேர்த்துக் கொண்டுவந்தால் பெரும்பாலும் திறக்கும். பதிவுத்துறை இணையதளத்தின் லாகின் பாஸ்வேர்டு அதில்தான் இருந்தது, அதனால் அந்த மெனக்கெடல்.

அவுட்லுக் வைத்திருக்கிறவர்கள் மெயில்களைச் சேமித்திருக்கும் பிஎஸ்டி ஃபைல் எங்கே என்று தேடி எடுக்க வேண்டும், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டரில் கிடக்கும், அதற்கு சர்வரில் நகல் இல்லாமல் போகலாம். சர்வரில் உள்ள மெயிலின் நகலான ஓஎஸ்டி ஃபைல் என்றால் கவலை வேண்டாம், சர்வரிலிருந்து மறுபடி இறங்கும். வேர்டில் ஆட்டோடெக்ஸ்ட், மேக்ரோ வைத்திருப்பவர்களுக்கு ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸில் இருக்கும் நார்மல் டாட்எம் ஃபைல் முக்கியம், நான்கெல்லை விவரத்தின் சட்டகத்தை ஒரு சுருக்கெழுத்தில் வைத்திருக்கும் டைப்பிஸ்டுகள் இதைத் தொலைத்தால் உங்களை மன்னிக்க மாட்டார்கள். டேலியின் டேட்டா பெரும்பாலும் பப்ளிக் ஃபோல்டரிலோ வேறு டிரைவிலோ இருப்பதால் இதில் சிக்குவதில்லை. ஒன்டிரைவ் ஓடுகிற கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம், பழைய டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

கம்பெனி டொமைனில் சேர்ந்த கம்ப்யூட்டர், வங்கி, பெரிய நிறுவனம் என்றால் இதில் எதையும் நீங்களே செய்ய வேண்டாம், அங்குள்ள ஐடி ஆளிடம் பழைய ஃபோல்டரை அழிக்காமல் பெயர் மாற்றி வைக்கச் சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியம் போதும். பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், மீட்புச் சாவி கையில் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் தெரியாது.

கடைசியாகப் பிரிண்டர். எது டிஃபால்ட், எந்த அளவுத் தாள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் தனி, புது ப்ரொஃபைலில் அது ஏ4 என்று வந்து நிற்கும். இவர்களுடையது லீகல் அளவு. அண்ணாச்சி வழக்கமான பழக்கத்தில் முத்திரைத்தாளை டிரேயில் வைக்கப் போனார், பிடித்து நிறுத்தி வெள்ளைத்தாளில் எடுக்கச் சொன்னேன், கடைசி இரண்டு வரி கீழே வெட்டிப்போய் வந்தது. தாள் அளவை மாற்றி மறுபடி வெள்ளைத்தாளில் பார்த்த பிறகுதான் முத்திரைத்தாள் உள்ளே போனது.

ஓல்ட் ஃபோல்டரை அழிக்கட்டுமா என்று அப்போதே கேட்டார்கள். ஒரு மாதமாவது கிடக்கட்டும், அதற்குள் எது இல்லை என்று தெரிந்துவிடும், அதற்கு முன்னால் யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி வாங்குங்கள் என்றேன். அந்த இன்னொரு அட்மின் கணக்கையும் நீக்கவில்லை, பாஸ்வேர்டை எழுதி அண்ணாச்சி பீரோவில் வைத்திருக்கிறார்.